எந்த ஆற்றின் பெயரைச் சொல்வது?

கொடைக்கானலில் எங்கள் தெருவில் ஒரு குருக்கள் இருக்கிறார். அவருடைய அக்கா மகன் பாடசாலைப் படிப்பை முடித்துவிட்டு அமெரிக்காவில் ஒரு கோயிலில் வேலைக்குச் சேர்ந்தான். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், இங்கே இரவு பத்து மணி இருக்கும், மாமாவை வாட்ஸாப்பில் கூப்பிட்டான். நான் அப்போது அவர் வீட்டில் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, நாளைக்கு ஒரு கிரகப்பிரவேசம். சங்கல்பத்துல நதி பேர் என்ன சொல்றது? காவேரின்னே சொல்லிடட்டுமா?"

"பக்கத்துல எந்த ஆறு ஓடறதோ அதைச் சொல்லுடா. வடகரையா தென்கரையான்னு மட்டும் யார்கிட்டயாவது கேட்டுக்கோ."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மேப்புல பாத்துச் சொல்லிடுவான்" என்று சிரித்தார். எனக்கு அந்த இரண்டு வரி மனதில் நின்றுவிட்டது. இந்து சமயப் பூசகர்கள் நம் பண்பாட்டை வேறு நாடுகளுக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதில் பாதி விஷயம் இந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது.

சங்கல்பம் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். எந்தப் பூஜைக்கும் முன்னால், இன்னார், இன்ன காலத்தில், இன்ன இடத்தில், இன்ன காரணத்துக்காக இதைச் செய்கிறேன் என்று சொல்லித் தொடங்குவார்கள். ஒரு வகையில் அது முகவரி எழுதுவது. நாம் கதவு எண்ணில் தொடங்கி ஊர், மாவட்டம் என்று விரித்துக்கொண்டு போவோம். சங்கல்பம் தலைகீழாக, பெரிசிலிருந்து சிறிசுக்கு வரும். "ஜம்பூத்வீபே, பாரதவர்ஷே, பரதகண்டே, மேரோர் தக்ஷிணே பார்ச்வே" என்று காதில் விழுந்திருக்கும். நாவலந்தீவில், பாரத வருஷத்தில், பரத கண்டத்தில், மேரு மலைக்குத் தெற்குப் பக்கத்தில் என்று அர்த்தம். வட அமெரிக்காவில் இதையே பல குருக்கள்மார் "க்ரௌஞ்சத்வீபே, ரமணகவர்ஷே, ஐந்திரகண்டே" என்று மாற்றிச் சொல்கிறார்கள். புராணம் சொல்லும் ஏழு தீவுகளில் ஒன்றை எடுத்து அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொலம்பஸ் அந்த நாட்டைப் பார்ப்பதற்கு முன்பே நம்மிடம் அதற்கு ஒரு முகவரி தயாராக இருந்தது மாதிரி!

வெளிநாடு போன பூசகர் மூட்டை கட்டிக்கொண்டு போன முக்கியமான சாமான் இதுதான் என்பது என் எண்ணம். சிலையை அங்கேயே செதுக்கிக்கொள்ளலாம், பூவை அங்கேயே பறித்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒரு மலையையும் ஆற்றையும் சாமி குடியிருக்கும் இடமாக மாற்றுகிற முறை மட்டும் தெரிந்த ஆளோடுதான் வந்தாக வேண்டும்.

பழனிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. இடும்பன் கதை எல்லோருக்கும் தெரியும். அகத்தியர் சொன்னார் என்று வடக்கே இருந்த சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடி கட்டித் தெற்கே தூக்கிக்கொண்டு வருகிறான் இடும்பன். களைப்பாற ஓரிடத்தில் இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் மலை நகரவில்லை. ஒன்றின் மேல் கோவணத்தோடு ஒரு பையன் நிற்கிறான். ஆக, நாம் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுகிற மலையே, கதைப்படி, வெளியூரிலிருந்து வந்த மலைதான்.

பூசகர் என்று பொதுவாகச் சொல்கிறோம், அதில் பல வகை உண்டு. சிவன், முருகன் கோயில்களில் ஆகமப்படி பூஜை செய்கிறவர் குருக்கள், சிவாசாரியார் என்றும் சொல்வோம். பெருமாள் கோயிலில் பட்டர். வீட்டுக் கல்யாணம், திவசம் செய்து வைப்பவர் சாஸ்திரிகள் அல்லது புரோகிதர். மாரியம்மன், முனியாண்டி கோயிலில் பூசாரி. பண்டாரம் என்றொரு மரபும் உண்டு. பழனியிலேயே ஒரு காலத்தில் போகரின் சீடர் புலிப்பாணியின் வழிவந்தவர்கள்தான் பூஜை செய்தார்கள், திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மாறியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இத்தனை வகையினரும் கடல் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் போன விதம் ஒன்று போல இல்லை.

பண்பாடு கடல் கடந்தது என்றவுடன் நம் ஆட்களுக்கு ராஜேந்திர சோழனின் கப்பல்தான் ஞாபகம் வரும். அவர் கடாரத்தின் மேல் படையெடுத்தது 1025 வாக்கில். அதற்கு அறுநூறு வருஷம் முன்பே, கி.பி. 400 ஒட்டி, இப்போது இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் பகுதியில் இருக்கும் குத்தாயில் ஒரு ராஜா யாகம் செய்திருக்கிறார். யாகத்தின்போது நட்ட கல் தூண்கள், யூபம் என்பார்கள், ஏழு கிடைத்திருக்கின்றன. மொழி சமஸ்கிருதம், எழுத்து நம் பல்லவர் எழுத்தின் சாயலில். மூலவர்மன் என்ற அந்த ராஜா இருபதாயிரம் பசுக்களைப் பிராமணர்களுக்குத் தானம் கொடுத்தான் என்று ஒரு தூண் சொல்கிறது. தூணை நட்டவர்கள் தங்களை "இங்கு வந்த பிராமணர்கள்" என்றே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்தியது பசுக் கணக்கு இல்லை, குடும்பத்துப் பெயர்கள். தாத்தா பெயர் குண்டுங்கா. அது அந்த மண்ணின் பெயர் என்பதுதான் பொதுவான கருத்து. மகன் பெயர் அசுவவர்மன். பேரன் மூலவர்மன். ஒரே தலைமுறையில் பெயர் மாறிவிட்டது. படை வந்ததாகவோ, யாரோ மிரட்டியதாகவோ அதில் ஒரு வரி கிடையாது.

இதைப் பற்றி அறிஞர்களிடையே பழைய சண்டை ஒன்று உண்டு. போர்வீரர்கள் கொண்டுபோனார்கள் என்று ஒரு கட்சி, வணிகர்கள் என்று ஒரு கட்சி. வான் லூர் என்ற டச்சு ஆய்வாளர் 1934இல் வேறு மாதிரி சொன்னார்: அந்த ஊர் ராஜாக்களே பிராமணர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் வணிகரை ஒதுக்கிவிட முடியாது. கப்பல் அவருடையது. தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டியதையும், அதை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதையும் சொல்கிறது. செட்டியார் கப்பலில் குருக்களும் ஒரு பயணி என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, ராஜா ஏன் கூப்பிட வேண்டும்? பத்துத் தலைவர்கள் இருக்கிற இடத்தில் ஒருவன் மட்டும் தன்னை அரசன் என்று சொல்லிக்கொண்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். வெளியிலிருந்து வந்த, யாருக்கும் சொந்தக்காரன் இல்லாத ஒருவர், நெருப்பு வளர்த்து, கும்பத்து நீரைத் தலையில் ஊற்றி, புதுப் பெயரும் சூட்டி, "இனி இவர் ராஜா" என்றால் அதற்கு மரியாதையே வேறு. கூடவே அவருக்கு எழுதத் தெரியும், நாள் பார்க்கத் தெரியும். நல்ல நேரம் குறிக்கத் தெரிந்தவனை எந்த அரசன்தான் விடுவான்? இன்றைக்கும் தாய்லாந்து, கம்போடியா எல்லாம் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் புத்தாண்டு கொண்டாடுகின்றன. சொங்க்ரான் என்ற பெயரே சங்கராந்தி. கெமர், தாய், ஜாவா எழுத்துகளின் மூலத்தைத் தேடிப் போனாலும் பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்தில்தான் போய் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை, கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று எழுதிவைத்ததும் இவர்களுடைய நூல்கள்தான். பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைக் குற்றப் பட்டியலில் வைக்கிறது. யாரும் போகாத ஊருக்கு யாராவது தடை போடுவார்களா?

கம்போடியாவில் இந்தக் கதை முழுசாகக் கிடைக்கிறது. அங்கே 802இல் இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலை மேல் பேரரசனாக முடிசூடினான். அந்தச் சடங்கைச் செய்து வைத்தவர் ஹிரண்யதாமர் என்ற பிராமணர். அவர் நான்கு தந்திர நூல்களைச் சிவகைவல்யர் என்பவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் சிவகைவல்யரின் குடும்பமே சுமார் 250 வருஷம் அரசர்களுக்குப் பூசகராக இருந்தது. 11ஆம் நூற்றாண்டு நடுவில் வெட்டிய ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு இதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. அந்த உரிமை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகவில்லை. மாமனிடமிருந்து சகோதரியின் வழியில் வந்த பிள்ளைகளுக்குப் போனது. தாய்வழியைப் பெரிதாக மதித்த ஊருக்கு ஏற்ப வேதம் படித்த குடும்பமும் நடந்துகொண்டது. எங்கள் தெருக் குருக்களிடம் இதைச் சொன்னபோது, "பாத்தேளா, மாமாவுக்குத்தான் பொறுப்பு" என்றார்.

அந்த முடிசூட்டு நடந்த குலேன் மலைக்கு வைத்த பெயர் மகேந்திர பர்வதம். அதே மலைத்தொடரில் கபால் ஸ்பியான் என்ற இடத்தில், ஓடுகிற ஆற்றின் படுகையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் அவற்றின் மேல் தவழ்ந்துதான் கீழே அங்கோர் வயல்களுக்குப் போகும். கங்கையைக் கொண்டுவர முடியாது. இருக்கிற ஆற்றை லிங்கத்தின் மேல் ஓடவிட்டுக் கங்கையாக்கிவிட்டார்கள். லாவோஸில் வாட் பூவுக்குப் பின்னால் இருக்கும் மலையின் உச்சிப் பாறை தானாகவே லிங்கம் போல நிற்கிறது. அதற்கு லிங்க பர்வதம் என்று பெயர். "பக்கத்துல எந்த ஆறு ஓடறதோ அதைச் சொல்லுடா" என்பதைக் கல்லில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

தமிழ் வாசகர்கள் பார்த்தே ஆகவேண்டிய ஒரு கோயில் பான்டே ஸ்ரீ. 967இல் பிரதிஷ்டை ஆனது. கட்டியவர் அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற ராஜகுரு. அங்கே ஒரு முகப்பில் சிவன் ஆடுகிறார். காலடிக்குப் பக்கத்தில் வற்றிய மார்போடு, எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நம் காரைக்கால் அம்மையார்! பேயுருவம் கேட்டு வாங்கிய அம்மையின் கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது. கல்தச்சன் மூலமாகப் போயிருக்கலாம், குருவின் வாய்வழியாகவும் போயிருக்கலாம்.

மார்கழியில் இங்கே விடியற்காலை நாலரைக்கெல்லாம் ஸ்பீக்கரில் திருவெம்பாவை கேட்கும். குளிரில் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, "இதை ஒரு அரை மணி நேரம் கழித்துப் போட்டால் என்ன" என்று நினைக்கிற ஆள்தான் நான். ஏறக்குறைய அதே பருவத்தில் பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் ஒரு விழா நடத்துகிறார்கள். அதன் பெயர் திரியம்பவாய், திரிபவாய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். சிவனை வரவேற்றுப் பாடுகிற பாட்டில் தமிழ் சிதைந்து சிதைந்து, பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாத ஒலியாக நிற்கிறது. பொருள் போன பிறகும் தலைமுறை தலைமுறையாக அதை விடாமல் சொல்லியிருக்கிறார்கள். கேலியாகத் தோன்றினால், நம் வீட்டுக் கல்யாண மந்திரத்தில் நமக்கு எத்தனை வரி புரிகிறது என்று யோசித்துக்கொள்ளலாம்.

அந்தப் பிராமணர்களின் கோயில், தேவஸ்தான், 1784இல் முதலாம் ராமா கட்டியது. பக்கத்திலேயே நெடிய சிவப்பு ஊஞ்சல் கம்பங்கள் நிற்கின்றன. இந்த விழாவில்தான் முன்பெல்லாம் அதில் ஊஞ்சல் ஆடுவார்கள், 1930களில் நிறுத்திவிட்டார்கள். வெள்ளை உடை, கொண்டை. வீட்டில் புத்தரையும் கும்பிடுவார்கள். 2019இல் இப்போதைய அரசர் முடிசூடியபோது சடங்கில் இவர்களுக்கு முக்கியப் பங்கு இருந்தது. மே மாதம் ஏர் பூட்டும் விழாவுக்கும் இவர்கள்தான்.

ஜாவாவில் 760ஆம் ஆண்டுத் தினாயா கல்வெட்டு, மரத்தால் இருந்த அகத்தியர் சிலைக்குப் பதிலாகக் கறுப்புக் கல்லில் புதுசு செய்து வைத்ததைச் சொல்கிறது. இடும்பனை அனுப்பிய அதே அகத்தியர்தான். பாலியில் பெதண்டா என்ற உயர் பூசகர் தினமும் விடியலில் சூரியனை வணங்கித் தீர்த்தம் தயாரிக்கிறார். ஊர்க் கோயிலில் பூஜை செய்பவர் பெமாங்கு, பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்து ஆள். குருக்கள், பூசாரி என்று நம் ஊரில் இருப்பது போலவே. பாலியின் இந்து சமயத்துக்கு ஒரு காலத்தில் ஆகம தீர்த்தம், அதாவது தீர்த்தச் சமயம், என்றே பெயர்.

இதையெல்லாம் படித்துவிட்டு "நாம்தான் அவர்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்தோம்" என்று மார்தட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே நெல் இருந்தது, கப்பல் இருந்தது, மலைச்சாமி இருந்தது. வந்தவரிடம் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், வேண்டாததை விட்டுவிட்டார்கள். சாதிக் கட்டுமானம் நம் ஊர் அளவுக்கு அங்கே வேர்விடவே இல்லை.

பழனியைப் பற்றிப் பேசிவிட்டுப் போகரைப் பேசாமல் போனால் சண்டைக்கு வருவார்கள். நவபாஷாணச் சிலை செய்தவர், சீனாவுக்குப் போய்வந்தவர் என்று சொல்வார்கள். அது கதை, கதையாகவே இருக்கட்டும். ஆனால் சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழும் சீனமும் கலந்து வெட்டிய ஒரு கல் கிடைத்திருக்கிறது. 1281ஆம் ஆண்டு, சித்திரை மாதம், சீன அரசரின் நலனுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததாக அதில் இருக்கிறது. செய்தவர் சம்பந்தப்பெருமாள், பட்டம் தவச்சக்கரவர்த்திகள்.

அரசர்கள் கூப்பிட்டுப் போனவர்களுக்குப் பசுவும் நிலமும் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டில் போனவர்கள் கதை வேறு. கரும்புக்கும் ரப்பருக்கும் தேயிலைக்கும் ஆள் பிடித்து அனுப்பினார்கள். மொரிஷியசுக்கு 1834 முதல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல், பீஜிக்கு 1879 முதல். மலாயாவுக்கும் இலங்கைக்கும் கணக்கே இல்லை. எந்தக் கங்காணியும் குருக்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகவில்லை. பகலெல்லாம் பால் வெட்டியவரோ கொழுந்து பறித்தவரோ சாயங்காலம் குளித்து, திருநீறு பூசி, மரத்தடிக் கல்லுக்கு மஞ்சள் சாத்திப் பூசாரி ஆனார். ஆகமம் தெரியாது. உடுக்கை அடிக்கத் தெரியும், சாமி வரவழைக்கத் தெரியும், ஊரில் பார்த்தது நினைவில் இருந்தது. உலகத்தின் பாதித் தமிழ்க் கோயில்களுக்கு அடிக்கல் இவர்கள் போட்டது என்பேன். இவர்களுடைய பெயர்களை எந்தத் தூணிலும் யாரும் வெட்டவில்லை.

இடும்பன் தூக்கிய காவடிதான் இவர்களோடு போனது. கோலாலம்பூர் பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை கோயில் அமைத்தது 1891, மறு வருஷமே தைப்பூசம். மொரிஷியசில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையே உண்டு. அங்கே நம் தமிழர்களுக்குப் பக்கத்திலேயே வடஇந்தியத் தொழிலாளர்கள் இன்னொன்று செய்தார்கள். 1897இல் ஒரு பூசகருக்குக் கனவு: மலை மேல் இருக்கும் ஏரி கங்கையோடு சேர்ந்தது என்று. மறு வருஷம் நடந்தே போய் நீர் எடுத்து வந்தார்கள். 1972இல் கங்கை நீரைக் கொண்டுபோய் அதில் ஊற்றினார்கள். இப்போது அதன் பெயர் கங்கா தலாவ்.

இன்றைய குருக்கள் விமானத்தில் போகிறார். 1977இல் நியூயார்க் பிளஷிங்கில் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் ஆனது. அதே காலத்தில் பிட்ஸ்பர்க்கில் பெருமாள் வந்தார். அங்கே இரண்டு ஆறுகள் கூடி ஓஹையோ ஆகின்றன; அதையே பிரயாகைக்கு ஒப்பிட்டுவிட்டார்கள் பக்தர்கள். சம்பளம், சமயப் பணியாளர்களுக்கான, ஐந்து வருஷத்துக்கு மேல் நீளாத ஆர்-1 விசா, கோயில் கமிட்டி என்று அது ஒரு தனி உலகம். பையன் வாராவாரம் புதுக் கேள்வியோடு கூப்பிடுவான். ஹோமப் புகைக்கு அலாரம் அடிக்கிறது, என்ன செய்ய? தர்ப்பை தீர்ந்துவிட்டது, எதை வைக்க? மாமாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இல்லாததற்குப் பிரதிநிதி, அதாவது மாற்றுப் பொருள், வைத்துக்கொள்ளலாம் என்று சாஸ்திரமே இடம் கொடுத்திருக்கிறது என்பார்.

பஞ்சாமிர்தத்தில் மட்டும் அவர் இறங்கி வரவே இல்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் மலையில் விளையும் விருப்பாட்சிப் பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டின் நீளப் பச்சைப் பழத்தில் பையன் செய்து போட்டோ அனுப்பியிருந்தான். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நீர் விட்டுண்டிருக்கு. சாமி ஏத்துப்பார். நான் ஏத்துக்க மாட்டேன்."

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன் அம்மையார். ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவத்துக்கு வந்தவர். ஆண்டு 1936. மேகம் விலகினால் அந்த வாசலிலிருந்து கீழே பழனி தெரியும்.

போன தையில் பையன் லீவில் வந்திருந்தான். வந்த மறுநாளே வீட்டில் ஒரு சின்ன ஹோமம், அவனையே செய்யச் சொன்னார் மாமா. தூக்கக் கலக்கம் இன்னும் தெளியவில்லை. தர்ப்பையை விரலில் மாட்டி, கையை வலது தொடையில் வைத்து, கண்ணை மூடி மளமளவென்று ஆரம்பித்தான்: "க்ரௌஞ்சத்வீபே, ரமணகவர்ஷே..."

மாமா அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "டேய், இறங்கு. கொடைக்கானல் வந்துடுத்து."